உங்களுக்குத் தெரியுமா? ஆகாயத்தில் பெற்றோல் செட் இல்லை

இரத்மலானையில் ஏறி இறங்கும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானங்களைக் காலி வீதியில் பஸ்ஸுக்குள் இருந்தபடி பார்த்திருப்பீர்கள். இந்த வாரத் துணுக்குகள் அவற்றின் தாங்கியைப் பற்றியவை. அதில் எவ்வளவு கிடக்கிறது, அதை யார் எப்படிப் பார்க்கிறார்கள், பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் இதில் வரும்.

★

கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்துக்கு நேர் மேலே, 3,000 அடி உயரத்தில், ஒரு செஸ்னா 152 விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகத்தான் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். விமானம் தொப்பென்று விழாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி 60 நொட் வேகத்தைப் பிடித்துக்கொண்டால், ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். 3,000 அடிக்கு 27,000 அடி, அதாவது 8 கிலோமீற்றருக்குச் சற்று மேல். எதிர்க்காற்று இல்லாவிட்டால் கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் தாண்டி வெள்ளவத்தை வரை வந்துவிடலாம். கையில் இருப்பது நான்கரை நிமிடம்.

இரத்மலானை ஓடுபாதையோ அங்கிருந்து இன்னும் 6 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. இடையில் கடல், ரயில் பாதை, தெஹிவளையின் கூரைகள்.

★

எரிபொருளால் எஞ்சின் நிற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தாங்கியில் சொட்டுக்கூட மிச்சமில்லாமல் தீர்ந்துபோவது. மற்றது, தாங்கியில் இருந்தும் எஞ்சினுக்கு வந்து சேராமல் போவது. வால்வு தவறான பக்கம் திருப்பப்பட்டிருக்கும். அல்லது குழாயில் தண்ணீர் நிற்கும். அல்லது காற்றுத்துவாரம் அடைபட்டிருக்கும். விசாரணையாளர்கள் இந்த இரண்டையும் கவனமாகப் பிரித்து எழுதுவார்கள். முதல் வகையில் பெரும்பாலும் கணக்குப் பிழை. இரண்டாவது வகையில் கை தவறியிருக்கும், அல்லது கண் தவறியிருக்கும்.

★

அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை சிறு விமானங்களில் எரிபொருள் நிர்வாகக் கோளாறால் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கு மேற்பட்ட விபத்துகள் நடந்தன. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2017இல் வெளியிட்ட எச்சரிக்கையில் உள்ள கணக்கு இது. இவற்றில் 56 வீதம் தீர்ந்துபோன வகை. 35 வீதம் வந்து சேராத வகை.

அதே எச்சரிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சம்பந்தப்பட்ட விமானிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வணிக உரிமமோ விமான நிறுவன உரிமமோ வைத்திருந்த அனுபவசாலிகள். பயிற்சி மாணவர்கள் 2 வீதம் மட்டுமே. மாணவன் பயத்தில் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்க்கிறான். ஆயிரம் மணித்தியாலம் பறந்தவர் மானியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறார். இது என் ஊகம்தான். ஆனால் அந்த எண்களுக்கு வேறு விளக்கம் எனக்குப் படவில்லை.

★

இரத்மலானை ஓடுபாதையில் முதன்முதலாகத் தரையிறங்கியவர் ஒரு பறத்தல் வாத்தியார். 1935 நவம்பர் 27ஆம் திகதி, மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ, புஸ் மொத் ரக விமானத்தில் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். விமான நிலையம் முறையாகத் திறக்கப்படுவதற்கு முன்பே நடந்த சங்கதி இது.

அதற்குச் சரியாக நான்கு வாரம் முன்பு, ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவின் டேட்டன் நகரில் போயிங் நிறுவனத்தின் புத்தம்புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அந்நாட்டு விமானப்படையின் கைதேர்ந்த சோதனை விமானி. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்று அடித்து ஆட்டாமல் இருக்க வால் இறகுகளைப் பூட்டிவைக்கும் பூட்டை யாரும் எடுத்துவிடவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேர் இறந்தார்கள். "ஒரு மனிதன் ஓட்ட முடியாத அளவுக்குப் பெரிய விமானம்" என்ற பேச்சுக்கூட எழுந்தது. ஓட்டுபவரின் ஞாபகத்தை நம்பாமல், செய்ய வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அதைப் பார்த்தே செய்வது என்று முடிவெடுத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் விமானி அறையில் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் அந்த விபத்துக்குப் பிறகுதான் வழக்கமானது.

ஆகவே இரத்மலானையும் அந்தத் தாளும் கிட்டத்தட்ட ஒரே வயது. செஸ்னாவின் கட்டுப்பாட்டுத் தண்டில் இன்றும் ஒரு பூட்டுக் கம்பி செருகப்பட்டிருக்கும். மறக்காமல் இருக்கச் சிவப்புத் தகடு ஒன்றும் அதோடு சேர்ந்திருக்கும். பட்டியலில் முதல் சில வரிகளுக்குள்ளேயே அதைக் கழற்றச் சொல்வார்கள்.

★

செஸ்னா 152இன் இரண்டு இறக்கைத் தாங்கிகளிலும் சேர்த்து 26 அமெரிக்கக் கலன் கொள்ளும். பறக்கப் பயன்படுவது 24.5 கலன், லீற்றரில் 92.7. மிச்சம் ஒன்றரைக் கலன், ஏறத்தாழ 5.7 லீற்றர், தாங்கியின் அடியிலும் மூலையிலும் தங்கி நிற்கும், எஞ்சினுக்கு வராது. அதைக் கணக்கில் சேர்ப்பவன் தன் கையாலேயே கால் மணித்தியாலத்தைக் கூட்டி எழுதுகிறான்.

கலன் என்றால் எந்தக் கலன் என்பதும் முக்கியம். நம் தாத்தாமார் பெற்றோல் வாங்கிய பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். செஸ்னா கைநூலில் உள்ள அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். ஆறில் ஒரு பங்கு வித்தியாசம். நான்கு மணித்தியாலப் பறப்பில் அது நாற்பது நிமிடம்.

★

அந்த விமானம் மணிக்கு ஏறக்குறைய 22 லீற்றர் குடிக்கும். 2022இல் பெற்றோலுக்காகக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற ஞாபகம் இருக்கிறதல்லவா? மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிளின் ஒரு வாரப் பங்கில் செஸ்னா 11 நிமிடம் பறக்கும். முச்சக்கர வண்டியின் பங்கில் 13 நிமிடம் சொச்சம். காரின் பங்கை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும்.

அதே 2022இல் கட்டுநாயக்கவிலும் விமான எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. தூர தேசம் போகும் விமானங்கள் திருவனந்தபுரம், கொச்சி, சென்னை என்று இறங்கித் தாங்கியை நிரப்பிக்கொண்டு போயின.

★

பயிற்சி விமானத்தின் எரிபொருள் மானியை எந்த வாத்தியாரும் நம்பச் சொல்ல மாட்டார். தாங்கிக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, கம்பியின் அசைவைக் காட்டும் ஒரு முள். முப்பது நாற்பது வயதான விமானத்தில் அந்த முள் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. விமானம் சரிந்தால் முள்ளும் சரியும், குலுங்கினால் ஆடும்.

அதனால் கையில் ஒரு அளவுக்குச்சி. இறக்கையின் மேற்புறம் எட்டும் உயரத்துக்கு ஏறி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பயிற்சிக் கூடங்களில் இதை 'டிப் பண்ணுவது' என்பார்கள். ஒரு எச்சரிக்கை: 152இன் குச்சியைச் செஸ்னா 172க்குப் போட்டால் எண் பொய்யாகும். தாங்கியின் ஆழமும் வடிவமும் வேறு. குச்சியிலேயே விமானத்தின் ரகத்தை எழுதி வைப்பது அதற்காகத்தான்.

★

குச்சி சரியாகச் சொல்லியும் கணக்குத் தப்பலாம். 1983 ஜூலை 23, கனடா. எயார் கனடாவின் புதிய போயிங் 767 மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. குச்சி வைத்து அளந்தார்கள், 7,682 லீற்றர். தேவை 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டும். பழக்கத்தில் இருந்த 1.77 ஆல் பெருக்கினார்கள். அது லீற்றரை இறாத்தலாக்கும் எண். கனடா அப்போதுதான் இறாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானத்தில் ஏறியது தேவையில் பாதிக்கும் குறைவு.

41,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது எண்ணெய் தீர்ந்து, இரண்டு எஞ்சினும் அடுத்தடுத்து நின்றன. தலைமை விமானி பொப் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுபவர். துணை விமானி மொரிஸ் குவின்டால் முன்பு கிம்லி என்ற விமானப்படைத் தளத்தில் பணிசெய்தவர். கைவிடப்பட்ட அந்தத் தளத்தின் ஓடுபாதையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே அன்றைக்குக் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது! விமானத்தில் இருந்த 69 பேரில் ஒருவருக்கும் உயிராபத்து இல்லை.

★

இதைக் கனடாக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 1993 நவம்பர் 15ஆம் திகதி சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போன இந்தியன் எயார்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300, திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் இறங்கியது. காரணம் இதே பஞ்சம்தான்.

ஹைதராபாத்தில் பார்வைத் தூரம் குறைந்துவிட்டது. இறங்கப் போய், இறங்க முடியாமல் மேலே எழுந்தார்கள். இறங்கும்போது விரிக்கும் இறக்கை மடல்கள், எழுந்த பிறகு முழுவதும் உள்ளே போக மறுத்தன. திரும்பிச் சென்னைக்கே போவது என்று தீர்மானித்தார்கள். மடல் விரித்தபடி பறந்தால் காற்றின் தடை அதிகம். வேகமாகப் போக முடியாது. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எரியும் எண்ணெயும் அதிகம். சாதாரணமாகப் போதுமான எண்ணெய் வழியிலேயே தீர்ந்தது. 262 பேர் உள்ளே. விமானம் பிறகு ஒருநாளும் பறக்கவில்லை. ஆனால் 262 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வயல்காட்டில் ஏர்பஸ்ஸை இறக்கிய அந்தக் கைத்திறனை மெச்சலாம். இறக்க வேண்டி வந்ததற்கு என்ன சொல்வது?

சிறு விமானத்துக்கும் இதில் பாடம் உண்டு. கைநூலில் எழுதியிருக்கும் செலவுக் கணக்கு, விமானம் நல்ல நிலையில், சரியான வேகத்தில், எரிபொருட் கலவையை முறையாக மெலிதாக்கிப் பறந்தால் வரும் கணக்கு. கலவைக் குமிழைத் தொடவே பயந்து முழுக்க உள்ளே தள்ளியபடி பறக்கும் மாணவனுக்கு அந்த எண் பொருந்தாது. அவன் அதைவிடக் கூடுதலாக எரிப்பான்.

★

சிறு விமானப் பெற்றோலுக்கு நிறம் உண்டு. இன்று பரவலாகக் கிடைக்கும் 100எல்எல் நீலம். பழைய 100/130 பச்சை, 80/87 சிவப்பு. சாயம் அழகுக்காகப் போடுவதல்ல, ஆள் மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க. 'குறைந்த ஈயம்' என்ற பெயரில் விற்கும் 100எல்எல்லில் இன்னமும் லீற்றருக்கு அரைக் கிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாம். ஈயம் நீக்கிய பெற்றோலில் ஓடும் நம் கார்கள் இந்த விஷயத்தில் ஆகாயத்தை முந்திவிட்டன.

ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய்க் குடும்பம். அது நிறமில்லாமலோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருக்கும். தப்பித் தவறிப் பெற்றோல் எஞ்சினில் அதை நிரப்பினால் உடனே தெரியாது. குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெற்றோலில் எஞ்சின் கிளம்பும், ஓடுபாதை வரை ஓடும், சில வேளை மேலேயும் எழும். அதற்குப் பிறகுதான் இடிக்கத் தொடங்கும்.

சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். விமானப் பெற்றோல் காய்ந்து மறைந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை வட்டமாக நிற்கும். இந்தக் குழப்பத்தைத் தடுக்கவே ஜெட் எண்ணெய்க் குழாயின் வாய் அகலமாகவும், பெற்றோல் விமானத்தின் தாங்கி வாய் குறுகலாகவும் செய்யப்படுகின்றன. அது போகட்டும், இப்போது டயமண்ட் போன்ற சில பயிற்சி விமானங்கள் டீசல் வகை எஞ்சினோடு ஜெட் எண்ணெயிலேயே ஓடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சின்ன விமானங்களுக்கு இரண்டு வேறு எண்ணெய்!

★

தண்ணீர் பெற்றோலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும். அதனால்தான் தாங்கியின் அடியில் ஒரு வடிகால் வைத்திருக்கிறார்கள். காலையில் முதல் வேலை, கண்ணாடி போன்ற சிறு குவளையில் அதிலிருந்து கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. நீலத்துக்கு அடியில் நிறமற்ற குமிழ்கள் உருண்டால் தண்ணீர். குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் பிரிகோடு தெரியாது, "சுத்தமாக இருக்கிறது" என்று ஏமாறலாம். ஆகவே பிரிகோட்டை மட்டும் தேடாமல் நிறத்தையும் பார்க்க வேண்டும். 1990களின் பிற்பகுதிக்குப் பின் வந்த செஸ்னா 172களில் இப்படி 13 வடிகால்கள். அத்தனையும் குனிந்து பார்த்து எழும்பினால் காலைத் தேகாப்பியாசம் முடிந்தது.

மே மாதம் பருவமழை தொடங்கினால் கொழும்பில் இந்த வேலை இரட்டிப்பு முக்கியம். தாங்கி மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், இரவு முழுக்க இறக்கை மேல் நின்ற மழை உள்ளே இறங்கும். பாதித் தாங்கியோடு நிறுத்தினால், மேலே உள்ள ஈரக்காற்று குளிர்ந்து உட்சுவரில் வியர்க்கும். மாலையில் பறந்து முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைப்பது அதற்காக. அப்படி நிரப்பி வைத்தால் அடுத்த நாள் பாரம் கூடும் என்பது இன்னொரு தலையிடி.

★

ஏனென்றால் செஸ்னா 152இல் முழுத் தாங்கியும் இரண்டு பெரிய ஆட்களும் சேர்வது கடினம். அதிகபட்ச எடை 757 கிலோ. பயன்படும் பெற்றோல் மட்டும் ஏறத்தாழ 67 கிலோ. விமானத்துக்கு விமானம் கொஞ்சம் மாறும். ஆனாலும் மாணவனும் வாத்தியாரும் சேர்த்து 160 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் பெற்றோலைக் குறைத்தாக வேண்டும். குறைத்ததை யாரும் தாளில் எழுதாமல் விட்டு, அடுத்த மாணவன் முழுத் தாங்கி என்று நினைத்து ஏறினால்?

★

விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் ஒழுங்கைச் செஸ்னா கைநூலில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இடது கதவில் தொடங்கி வால், வலது இறக்கை, மூக்கு, கடைசியாக இடது இறக்கை. நடக்கும்போது விமானம் எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் நாம் வலம் வரும் திசைக்கு நேர் எதிர். நம் பிள்ளைகள் முதல் நாள் பழக்கதோஷத்தில் மறுபக்கம் கிளம்பினால் வாத்தியார் கோபிக்கக் கூடாது.

நடுவில் யாராவது கூப்பிட்டாலோ தொலைபேசி அடித்தாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராமல் சில படி பின்னே போய் மறுபடி பார்ப்பது நல்ல பழக்கம். 'மூடியை இறுக்கினேன்' என்ற நினைப்பு, இறுக்கியதற்குச் சாட்சி அல்ல.

★

அந்த மூடி சரியாக இறுகாவிட்டால்? இறக்கை மேலே தூக்குவதே, அதன் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவதால்தான். அதே குறைந்த அழுத்தம் திறந்த வாயிலிருந்து பெற்றோலை உறிஞ்சி வெளியே வீசும். எஞ்சின் குடிப்பதைவிட வேகமாகத் தாங்கி காலியாகும்.

★

தாங்கிக்குள் பெற்றோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக ஒரு சிறு குழாய்; 152இல் இடது இறக்கைத் தாங்கு கம்பிக்கு அருகில் இருக்கும். அது அடைபட்டால் தாங்கியில் பெற்றோல் இருந்தும் கீழே இறங்காது. அடைப்பது யார்? பெரும்பாலும் குளவி. மண் உருட்டி வந்து துளைக்குள் கூடு கட்டும் ரகம், நம் வீட்டு யன்னல் மூலையில் கட்டுகிறதே, அதன் சொந்தக்காரர்கள்.

வேகத்தை அளக்கும் முன்குழாயும் அவற்றுக்குப் பிரியமான இடம். 1996 பெப்ரவரி 6ஆம் திகதி டொமினிக்கன் குடியரசில் பேர்ஜன் எயார் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். முன்குழாய் அடைபட்டுப் பொய் வேகம் காட்டியது காரணம். குளவிக் கூடு என்பதே விசாரணையாளர்களின் சந்தேகம். வாரக்கணக்கில் பறக்காமல் நின்ற விமானம் அது, குழாய்க்கு உறை போடாமல்.

★

செஸ்னா 152இல் பெற்றோல் வால்வுக்கு இரண்டே நிலை: திற, மூடு. மேலே இறக்கை, கீழே எஞ்சின். பெற்றோல் தன் பாரத்தில் தானே இறங்கும், பம்பு கிடையாது. கீழ் இறக்கை கொண்ட பைப்பர் பிஏ-28 வேறு சாதி. அதற்குப் பம்பு வேண்டும். வால்வில் இடது அல்லது வலது மட்டும். இரண்டும் சேர்த்து எடுக்க முடியாது. நேரம் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் வற்றி எஞ்சின் நிற்கும்போது மறுபக்கம் நிறைந்திருப்பது இந்த ரகத்தில் நடக்கக்கூடிய சங்கதி.

'கன்ட்ரி ரோட்ஸ்' பாடகர் ஜோன் டென்வர் 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி கலிபோர்னியக் கடலில் விழுந்து இறந்தது ஏறத்தாழ இப்படித்தான். அவர் புதிதாக வாங்கிய சிறு விமானத்தில், கட்டியவர் வால்வுக் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னே வைத்திருந்தார். அதைத் திருப்ப, உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். கிளம்பும் முன் பெற்றோல் நிரப்பவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றிருக்கிறார்.

★

30 பாகை வெயிலில் வியர்த்துக் கொட்டும் கொழும்பில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி பிடிக்கும் என்றால் நம்புவீர்களா? காபரேற்றரின் குறுகிய கழுத்தில் காற்று விரியும்போதும் பெற்றோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை 20 பாகைக்கும் மேலாகச் சரியலாம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது கழுத்திலேயே உறைந்து அடைக்கும். குறிப்பாக, இறங்குவதற்காக விசையைக் குறைத்திருக்கும் நேரத்தில். கனடாக் குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. நம் கரையோரக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. எஞ்சினின் சூட்டைத் திருப்பிவிடும் குமிழ் ஒன்று உண்டு. கிளம்பும் முன் அதை இழுத்து, சுழற்சி கொஞ்சம் குறைகிறதா என்று பார்ப்பது பட்டியலில் இருக்கிறது. குறையாவிட்டால் குமிழ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

★

எண்ணெய் தீரப்போகிறது என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

1990 ஜனவரி 25ஆம் திகதி கொலம்பியாவின் அவியங்கா விமானம் நியூயோர்க் வானில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. "எண்ணெய் குறைகிறது", "முன்னுரிமை தாருங்கள்" என்றெல்லாம் துணை விமானி பணிவாகச் சொன்னார். 'அவசர நிலை' என்று மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு அது தினமும் பத்துப் பேர் சொல்லும் பேச்சாகவே பட்டது. நான்கு எஞ்சினும் நின்று விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 1978 டிசம்பர் 28ஆம் திகதி அமெரிக்காவின் போர்ட்லண்டில், யுனைடட் விமானத்தின் தலைமை விமானி சக்கரக் கோளாறிலேயே மூழ்கியிருந்தார். கூட இருந்தவர்கள் எண்ணெய் பற்றி மெல்லச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் எப்படி அழுத்திச் சொல்வது என்று விமானிகளுக்குப் பாடமே நடத்தத் தொடங்கியது அதன் பிறகு.

சர்வதேச சிவில் விமான அமைப்பு 2012இல் வாசகங்களையே வரையறுத்துவிட்டது. இனித் தாமதம் வந்தால் தாங்காது என்றால் 'மினிமம் ஃபியூவல்'. கடைசி ஒதுக்கீட்டில் கை வைக்கப்போகிறோம் என்றால் 'மேடே மேடே மேடே ஃபியூவல்'. "சேர், எண்ணெய் கொஞ்சம் குறைவுபோல இருக்கு" என்று இழுக்கும் நம் ஊர் மரியாதைக்கு இந்த வாசகங்களில் இடமில்லை. இரத்மலானையில் பழகும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே உரத்துச் சொல்லிப் பழக வேண்டியவை இவை என்பேன்.

★

அந்தக் கடைசி ஒதுக்கீடு எவ்வளவு? கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. செஸ்னா 152க்கு அரை மணித்தியாலம் என்றால் 11 லீற்றர். பல பயிற்றுநர்கள் ஒரு மணித்தியாலம் வைக்கச் சொல்கிறார்கள், நியாயம்தான்.

★

1932 ஒக்டோபர் 15ஆம் திகதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்தாரே, அப்போது அகமதாபாத்தில் இறங்கிப் பெற்றோல் நிரப்பினார். பெற்றோல் வந்தது மாட்டுவண்டியில், நான்கு கலன் தகரங்களில். பம்பாயிலிருந்து தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். அதுவும் புஸ் மொத் விமானமே. மூன்று ஆண்டு கழித்து இரத்மலானையில் முதலில் இறங்கிய அதே ரகம்.

தகரத்திலிருந்து ஊற்றும் காலத்தில் ஒரு வசதி இருந்தது. எத்தனை தகரம் காலியானது என்று எண்ணிப் பார்த்தாலே கணக்கு முடிந்தது.

★

விழுந்த சிறு விமானம் எரியாமல் கிடந்தால் விசாரணையாளருக்கு அதுவே முதல் தடயம். சுற்றிலும் பெற்றோல் மணம் இருக்கிறதா, புல் கருகியிருக்கிறதா, உடைந்த தாங்கியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சுழலி. விசையோடு சுழன்றபடி தரையில் மோதியிருந்தால் இலைகள் முறுக்கி வளைந்து, நுனி பிய்ந்து கிடக்கும். நின்றிருந்தாலோ விசையில்லாமல் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலோ, ஒரு இலை மட்டும் பின்னால் மடிந்திருக்கும், மற்றது நேராக நிற்கும். நியூயோர்க் அவியங்கா விபத்தில் 85 பேர் பிழைத்ததற்கு, தீப்பிடிக்க எண்ணெய் இல்லாமல் போனதும் ஒரு காரணம்.